எழுநூறு கிலோ

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ
நூல் பிடித்தால்
ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்.
இப்போது நூல் பிடிக்க முடியாது.
ஒரு பிப்ரவரியில்
கிழக்கு வானத்தைச் சாத்திவிட்டார்கள்.
அன்றிலிருந்து
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறோம்:
நார்வே, ஸ்வால்பார்டு, துருவம்,
அலாஸ்காவின் விளிம்பு, பிறகு கீழே.
ஒன்பதரை மணி நேரம்
பதின்மூன்று ஆயிற்று.
ஊர் இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

என் பெயர் கைசு.
நான் போகாத பயணங்களுக்குக்
கணக்கு எழுதுவது வேலை.
ஜன்னல் இல்லாத அறை, மூன்று திரைகள்,
கழுவக் கழுவக் கறை போகாத
காப்பிக் குவளை.
எந்த உயரத்தில் காற்று யார் பக்கம்
என்று பார்ப்பேன்.
மைனஸ் நாற்பத்தேழில்
எரிபொருள் உறையத் தொடங்கும்;
துருவத்தின் மேல்
அதைவிடக் குளிர்ந்த ஆறுகள் காற்றில் ஓடும்.
அவற்றுக்கு அடியிலோ ஓரத்திலோ
ஒரு சந்து கண்டுபிடித்துக் கொடுப்பேன்.
நடுவழியில் ஒரு எஞ்சின் நின்றால்
இறங்க ஓர் ஊர் வேண்டும்.
அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.
அங்கே ஆட்களைவிட நாய்கள் அதிகம் என்று
யாரோ ஒரு விமானி சொன்னார்.

இன்று இருநூற்றுப் பதினான்கு பேர்.
என் கணக்கில் ஒவ்வொருவரும்
கைப்பையோடு எண்பத்து நான்கு கிலோ.
ஒல்லி, குண்டு கிடையாது.
அழுதுகொண்டு ஏறுபவருக்குத் தனி எடை கிடையாது.
அர்மாஸும் எண்பத்து நான்கு கிலோ.

அர்மாஸ் என் தம்பி.
எங்கள் மொழியில் அந்தப் பெயருக்கு
அன்புக்குரியவன் என்று பொருள்.
ஐந்து மாதமாக
அதை நான் உச்சரிக்கவில்லை.
படகு விற்ற பணத்தில் தொடங்கியது.
படகோடு நிற்கவில்லை.
அப்பா போன இரவில்
யார் எங்கே இருந்தோம் என்பதுவரை போனது.
செண்டாயில் ஃபுமியேவோடு
குடியேறப் போகிறான் என்பது
அவன் சொல்லித் தெரிந்ததல்ல.
பார்க்கக் கூடாத பட்டியலைப் பார்த்தேன்:
ஒருவழி. பெட்டி இரண்டு.
இடது ஜன்னல், இறக்கைக்குச் சற்றுப் பின்னால்.

கட்டிடத்தின் அந்தப் பக்கம் போக
ஒன்பது நிமிட நடை.
பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு
வழி போட்டவள்
நாற்காலியை விட்டு எழவில்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு:
காரணம் சொல்ல வேண்டாத கூடுதல் எரிபொருள்.
பெரும்பாலும் அதில் பூஜ்யம் போடுவேன்.
எழுநூறு என்று அடித்தேன்.
ஏழு நிமிடம் பறக்கலாம் அதில்.

தொலைபேசி. கேப்டன் வெஸ்டெர்லுண்ட்.
"காற்று பின்னால் தள்ளுகிறது,
டோக்கியோவில் மேகம்கூட இல்லை,
எழுநூறு எதற்கு, கைசு?"

"இருக்கட்டும்."

மறுமுனையில் யாரோ கரண்டியால்
எதையோ கலக்கும் சத்தம்.

"சரி, இருக்கட்டும்."

கூடுதலைச் சுமப்பதற்கும் எரிபொருள் வேண்டும்.
இவ்வளவு தூரத்துக்கு
எழுநூற்றில் இருநூறுக்கு மேல்
தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போவதில்
தீர்ந்துவிடும்.
மீதி போய்ச் சேரும்,
யாருக்கும் தேவைப்படாமல்,
அவன் ஜன்னலுக்கு முன்னால்
அந்த இறக்கையின் இருட்டுக்குள்,
ஐந்து நிமிடமாக.
தரையிறங்கியதும் அளந்து
ஒரு எண்ணாக எனக்கு அனுப்புவார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது
அவர்கள் ஸ்வால்பார்டைத் தாண்டியிருக்க வேண்டும்.
இன்னும் கொஞ்ச நேரத்தில்
எல்லா ஊர்களின் நேரமும்
ஒரே முடிச்சில் சேரும் இடம்.
அங்கே மணி என்ன என்று
யாரும் யாரையும் கேட்க முடியாது.

நான் பேருந்துக்காக நின்றிருந்தேன்,
கையுறை ஒன்றை எங்கேயோ விட்டுவிட்டு,
அந்தக் கையை மட்டும்
சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு.